ஐந்தாம் வகுப்பில் பின்னம்: திங்கள் முதல் வெள்ளி வரை

ஐந்தாம் வகுப்புக் கணக்கில் பிள்ளைகள் சறுக்கி விழும் இடம் பின்னம். அதுவரை பெரிய பெரிய கூட்டலும் பெருக்கலும் பிழையில்லாமல் போட்டுவந்த பிள்ளைகூட 1/2 + 1/3 = 2/5 என்று தயக்கமே இல்லாமல் எழுதும். அதைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்துக் காட்டினால் அந்த ஒரு கணக்கு சரியாகும். கொஞ்ச நாள் கழித்துக் கேட்டால் அதே 2/5 திரும்பி வரும். காரணம், அந்தப் பிள்ளைக்கு 1/2 இன்னும் ஓர் எண்ணாகவில்லை. கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண், அவ்வளவுதான். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டுவது அதற்கு நியாயமாகத்தான் படுகிறது.

ஆகவே விதிகளுக்குள் போவதற்கு முன்னால் ஒரு முழு வாரத்தைப் பின்னத்துக்கென்று ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாளுக்கு ஒரு பாடவேளை போதும். திங்களும் வியாழனும் மட்டும் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்து நாளும் ஆசிரியர் ஓயாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எதில்?" பாதி என்றால் எதில் பாதி? கால் என்றால் எதில் கால்? பிள்ளைகள் தாங்களாகவே ஒருவரையொருவர் "எதுல?" என்று மடக்கத் தொடங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலில் பொருள். ஒரு பிள்ளைக்கு ஒரு ஏ4 தாள். அதன் அகலம் 21 செ.மீ., நீளம் 29.7 செ.மீ. நீளத்தில் 24 செ.மீ. அளந்து வெட்டிவிட்டு, அகலத்தை 3 செ.மீ. வீதம் பிரித்தால் மிச்சமில்லாமல் ஏழு பட்டைகள் கிடைக்கும். ஏழும் வேண்டும். ஒன்று முழுசு. மற்ற ஆறும் முறையே 2, 3, 4, 6, 8, 12 பாகங்களாகப் போகும். 24 செ.மீ. எடுப்பதற்குக் காரணம் உண்டு. பாகங்களின் நீளம் 12, 8, 6, 4, 3, 2 செ.மீ. என்று எல்லாமே முழு எண்ணாக வரும். ஸ்கேல் கையில் இருக்கிறதே என்று 30 செ.மீ. எடுத்தால் கால் பாகம் 7.5 செ.மீ., அரைக்கால் பாகம் 3.75 செ.மீ. என்று போய், பின்னம் படிக்க வந்த பிள்ளை மில்லிமீட்டரில் மாட்டிக்கொள்ளும். வெட்டியெடுத்த 5.7 செ.மீ. மிச்சத் துண்டைத் தூக்கிப்போட வேண்டாம். அதில் 20 செ.மீ. நீளத்தில், 3 செ.மீ. அகலத்தில் இன்னொரு பட்டை வரும். செவ்வாய்க்கிழமை அதற்கு முக்கியமான வேலை இருக்கிறது.

சார்ட் அட்டையில் செய்தால் உறுதியாக இருக்குமே என்று தோன்றும். 22-க்கு 28 அங்குலச் சார்ட் ஒன்றில் இதே அளவில் 46 பட்டைகள் எடுக்கலாம், கணக்குக்கு நல்லதுதான். ஆனால் அட்டை மடிப்புக்கு ஆகாது. மூன்றாம் மடிப்பில் உள்ளடுக்குகள் நகர்ந்து, எட்டுப் பாகங்களும் எட்டு விதமாக நிற்கும். பிள்ளைகள் கையில் சாதாரண ஜெராக்ஸ் தாள் இருக்கட்டும். கரும்பலகையில் ஒட்டிக் காட்ட ஆசிரியருக்கு மட்டும் சார்ட், அதுவும் இதன் நான்கு மடங்கில், 96 செ.மீ. நீளத்துக்கு, இரண்டு துண்டை ஒட்டிச் செய்தது. அப்போதுதான் கடைசி வரிசைக்குத் தெரியும்.

திங்கட்கிழமை தாளைத் தொடும் முன் நான்கு கேள்விகள். மதிப்பெண் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்று: ஒரு செவ்வகத்தைச் சமமில்லாத மூன்று பாகமாகக் கோடு போட்டு ஒன்றுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறது, இது 1/3-ஆ? இரண்டு: 1/4, 1/8 இரண்டில் எது பெரியது? மூன்று: 0, 1, 2 என்று குறித்த ஒரு கோட்டில் 1/2 எங்கே இருக்கும்? நான்கு: இரண்டு பேர் ஆளுக்கொரு கடலை மிட்டாயில் பாதி சாப்பிட்டார்கள், ஒருவர் சாப்பிட்டது மற்றவரைவிட அதிகம், இப்படி நடக்க முடியுமா?

இந்த நான்கும் நான்கு வெவ்வேறு ஓட்டைகளைக் காட்டிக்கொடுக்கும். முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் அந்தப் பிள்ளை பாகங்களை எண்ணுகிறது, அளவைப் பார்க்கவில்லை. இரண்டாவதுக்கு 1/8 என்றால் 8, 4-ஐவிடப் பெரியது என்ற பழைய அறிவு குறுக்கே நிற்கிறது. மூன்றாவதில் 1 இருக்கும் இடத்திலேயே 1/2-ஐக் குறித்தால், பின்னத்தை எண்ணாகப் பார்க்காமல் வரைந்த கோட்டில் பாதியைப் பார்க்கிறது. நான்காவதுக்கு 'முடியாது' என்றால் "எதில்?" என்ற கேள்வி அதற்கு இன்னும் தோன்றவில்லை. விடைகளைத் திருத்தவும் வேண்டாம், அன்றைக்கே விளக்கவும் வேண்டாம். தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை ஒப்பிடத் தேவைப்படும்.

பிறகு பட்டை செய்தல். 2, 4, 8 பாகங்களை மடித்துச் செய்ய வேண்டும். 3, 6, 12 பாகங்களை அளந்து செய்ய வேண்டும். மடிக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "மூணு தடவை மடிச்சா எத்தனை பாகம் வரும்?" வகுப்பில் பாதிக்கு மேல் மூன்று என்பார்கள், சிலர் ஆறு என்பார்கள். பிரித்துப் பார்த்தால் எட்டு. அடுத்து, "நாலு பாகத்துக்கு எத்தனை மடிப்புக்கோடு?" மூன்றுதான். கோட்டை எண்ணுவது வேறு, பாகத்தை எண்ணுவது வேறு என்பது இங்கேயே பிடிபட்டுவிட்டால் வியாழக்கிழமை எண்கோட்டில் பெரிய வேலை மிச்சம்.

மூன்று பாகத்துக்கு 8, 16 செ.மீ. என்ற இரண்டு புள்ளிகளை மட்டும் குறித்தால் போதும். பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸில் இருப்பது 15 செ.மீ. ஸ்கேல். அதை நகர்த்தி வைத்து 16-ஐக் குறிக்கும்போதுதான் தவறு நடக்கும். ஸ்கேலின் ஓரத்தை 0 என்று நினைத்து வைப்பார்கள், 0 கோடு சற்று உள்ளே தள்ளி இருக்கும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று நான்கு மில்லிமீட்டர் தேறிவிடும். இதற்கு எளிய வழி, வலது முனையிலிருந்து 8 செ.மீ., இடது முனையிலிருந்து 8 செ.மீ. என்று இரண்டு பக்கமிருந்தும் அளக்கச் சொல்வது. நடுவில் கிடைப்பதையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் 8 வந்தால் வேலை சுத்தம்.

வெட்டிய பிறகு ஒரு பிள்ளையிடம் 35 துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பெயரின் முதலெழுத்தைப் போடச் சொல்லாவிட்டால் பாடவேளை முடிவில் தரையில் கிடப்பது யாருடையது என்ற வழக்கைத் தீர்ப்பதிலேயே நேரம் போய்விடும். முன்பக்கம் 1/2, 1/3 என்று பின்னமாகவே எழுத வேண்டும். வெறும் 2, 3 என்று எழுதவிடாதீர்கள். துண்டுகளைப் போட்டுவைக்கப் பழைய கல்யாணப் பத்திரிகை உறை பொருத்தமாக இருக்கும். முழுப் பட்டையை மட்டும் உறையில் போடக் கூடாது. லாங் சைஸ் நோட்டின் உள் அட்டையில் ஒட்டிவிட வேண்டும். எந்தத் துண்டை எடுத்தாலும் "எதில்?" என்று கேட்டவுடன் கை போக வேண்டிய இடம் அது.

இன்னொரு சின்ன விஷயம். பாடநூலில் கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணுக்குப் பகுதி என்று பெயர். வெட்டிய துண்டையும் நாம் பகுதி என்று சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை குழம்பும். துண்டுக்கு 'பாகம்' என்றே சொல்லிப் பழகுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஒப்பிடல். 1/4-ஐயும் 1/8-ஐயும் அருகருகே வைத்தவுடன் நேற்றைய இரண்டாம் கேள்விக்கான விடை கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கே அவசரப்பட்டு "கீழே உள்ள எண் பெருசானா பின்னம் சின்னதாகும்" என்று கரும்பலகையில் எழுதிவிடுவது பலரும் செய்வது. அந்த வாக்கியம் ஆபத்தானது. மறுநாளே பிள்ளைகள் அதை எல்லாவற்றுக்கும் போடுவார்கள். 3/4, 5/6 எது பெரியது என்றால், 4 சின்ன எண், அதனால் 3/4 பெரியது என்று வரும். அதனால் அந்த ஜோடியை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

கொடுத்தால் மூன்று விதமான பதில் வரும். விதியை நம்பி 3/4 என்பவர்கள் ஒரு கூட்டம். "ரெண்டுலயும் ஒரு துண்டுதானே டீச்சர் குறையுது, அப்ப ரெண்டும் சமம்" என்பவர்கள் இன்னொரு கூட்டம். இந்த இரண்டாவது பதிலை மதித்துப் பேச வேண்டும், ஏனென்றால் அது பாதி சரி. இரண்டிலும் ஒரு துண்டு குறைகிறது என்பது உண்மை. ஆனால் எந்தத் துண்டு? முழுப் பட்டைமேல் மூன்று கால் துண்டுகளை வைத்தால் 18 செ.மீ. மூடும், 6 செ.மீ. திறந்திருக்கும். ஐந்து 1/6 துண்டுகளை வைத்தால் 20 செ.மீ. மூடும், திறந்திருப்பது 4 செ.மீ. குறைவது சின்னத் துண்டாக இருந்தால் மிஞ்சியிருப்பது பெரியது. இந்த வாதத்தை ஒரு பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். நாம் சொல்லிவிட்டால் அது இன்னொரு விதியாகிப் போகும். மூன்றாவது கூட்டம் துண்டுகளை வைத்துப் பார்த்து 5/6 என்று சரியாகச் சொல்லும். அவர்களிடம் "ஏன்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. சரியான விடை வந்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது.

இப்போது அந்த 20 செ.மீ. பட்டை. அதை 4 செ.மீ. வீதம் ஐந்து பாகமாக வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 1/5. அதில் ஒன்றை எடுத்து, நேற்றுச் செய்த 1/6 துண்டுமேல் வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் 4 செ.மீ., அச்சுப் பிசகாமல் பொருந்தும். "அப்போ 1/5-ம் 1/6-ம் சமமா?" வகுப்பு ஒரு நிமிடம் திகைத்து நிற்கும். சமம் என்று சிலர் கையைத் தூக்குவார்கள், கண்ணால் பார்த்தது அதுதானே. அமைதியாக இருங்கள். யாராவது ஒருவர் நோட்டின் அட்டையைத் திறந்து, முழுப் பட்டை இதற்கு வேறு, அதற்கு வேறு என்று காட்டும்வரை காத்திருப்பது இந்த வாரத்தில் செய்யக்கூடிய மிக நல்ல காரியம். ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. கடலை மிட்டாய்க் கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். ஒரே முழுசு இல்லாமல் ஒப்பிட முடியாது என்பது இப்படி வந்தால்தான் தங்கும்.

மிச்ச நேரத்தில் 1/12, 5/12, 3/6, 2/3, 7/8, 11/12 போன்ற அட்டைகளைக் கொடுத்து, எவை 0-வுக்குப் பக்கம், எவை பாதிக்குப் பக்கம், எவை ஒன்றுக்குப் பக்கம் என்று பிரிக்கச் சொல்லலாம். 2/3-இல் சண்டை வரும். அது 16 செ.மீ.; பாதியிலிருந்து 4, முழுசிலிருந்து 8. துண்டை வைத்து அவர்களே தீர்த்துக்கொள்வார்கள்.

புதன்கிழமை பகிர்வும் சமான பின்னமும் (எழுதும் எண்கள் வேறு, அளவு ஒன்று). மூன்று தோசையை நான்கு பேருக்குச் சமமாகப் பிரிக்கச் சொல்லுங்கள், தாளில் வரைந்து. வட்டத்தைப் பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகள் செவ்வகத்தைப் பிரிப்பதுபோல மேலிருந்து கீழாக இணைகோடுகள் போட்டுவிடுவார்கள், ஓரத் துண்டு சிறுத்துவிடும். நடுவிலிருந்து வெட்ட வேண்டும் என்று நினைவூட்டிவிட்டு விடுங்கள். இரண்டு வழிகள் வரும். ஒவ்வொரு தோசையையும் நான்காக்கி ஆளுக்கு மூன்று கால் துண்டு என்பது ஒரு வழி. இரண்டு தோசையைப் பாதியாக்கி, மூன்றாவதை நான்காக்கி, ஆளுக்கு ஒரு பாதியும் ஒரு காலும் என்பது இன்னொன்று. முதல் வழியில் 3/4, இரண்டாவதில் 1/2-ம் 1/4-ம். இரண்டிலும் பங்கு ஒன்றுதானா என்று கேட்டால், பட்டையை எடுத்து அரை ஒன்றும் கால் ஒன்றும் சேர்த்து, மூன்று கால் துண்டுகள்மேல் வைப்பார்கள். கூட்டல் சொல்லித்தருவதற்கு முன்பே கூட்டல் நடந்துவிடுகிறது. 3 ÷ 4-ம் 3/4-ம் ஒன்றே என்பதையும் இங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

சமான பின்னத்துக்குப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாலே போதும். 1/2-க்கு நேர்கீழே 2/4, 3/6, 4/8, 6/12 தானாகத் தெரியும். 'மூன்றின் வரிசையில் ஏன் பாதி கிடைக்கவில்லை?' என்று கேளுங்கள், நல்ல பதில்கள் வரும். ஆனால் பட்டை எது சமம் என்பதைக் காட்டுமே தவிர, ஏன் இரண்டு எண்களையும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம் என்பதைக் காட்டாது. அதற்குத் தனித் தாள் வேண்டும். ஒரு தாளை நீளவாக்கில் மூன்றாக மடித்து, இரண்டு பாகத்துக்கு வண்ணம் தீட்டுங்கள். இது 2/3. இனி அதையே குறுக்கே பாதியாக மடித்துப் பிரியுங்கள். வண்ணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் எல்லாப் பாகமும் இரண்டாகிவிட்டது, வண்ணம் தீட்டியவையும் இரண்டு மடங்கு, மொத்தமும் இரண்டு மடங்கு. 4/6. குறுக்கே மூன்றாக மடித்தால் 6/9.

இங்கே வரும் பிழை, பெருக்குவதற்குப் பதிலாகக் கூட்டுவது: 1/2-இல் மேலும் கீழும் 1 கூட்டி 2/3. சமமா என்று பட்டையை வைத்துப் பார்க்கச் சொன்னால் 12 செ.மீ.யும் 16 செ.மீ.யும் எதிரெதிரே நிற்கும். இன்னொரு பிழை ஆசிரியரிடமிருந்து வருவது. "2/3-ஐ இரண்டால் பெருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறோம். 2/3-ஐ இரண்டால் பெருக்கினால் 4/3, அது வேறு எண். "தொகுதியையும் பகுதியையும் இரண்டால் பெருக்கு" என்று ஒவ்வொரு முறையும் முழுசாகச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை வகுப்பைவிட்டு வராந்தாவுக்கு. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு நீளக் கோடு, 0-விலிருந்து 1 வரை 120 செ.மீ., அதற்கப்பால் 2 வரை இன்னொரு 120. தையல் டேப் 150 செ.மீ. இருப்பதால் ஒரு வீச்சில் அளந்துவிடலாம். 120 எடுப்பதால் பாதி 60, மூன்றில் ஒன்று 40, கால் 30, ஐந்தில் ஒன்று 24, ஆறில் ஒன்று 20, எட்டில் ஒன்று 15 என்று எல்லாமே முழு செ.மீ. முதல் கோட்டுக்குக் கீழே ஒரு ஜாண் இடைவெளியில் இணையாக இன்னும் கோடுகள் போட்டு, குழுவுக்கு ஒரு கோடாகக் கொடுங்கள். பாதிக்கு ஒரு குழு, மூன்றில் ஒன்றுக்கு ஒரு குழு, இப்படி. எல்லாக் கோடுகளுக்கும் 0 ஒரே நேரில் இருக்க வேண்டும். இதில் சறுக்கினால் 1/2-ம் 2/4-ம் நேர்கீழே வராது, காலையெல்லாம் செய்த வேலை வீண்.

எதிர்பார்க்க வேண்டிய தவறு இதுதான்: நான்கு பாகம் வேண்டும் என்றால் 0-வுக்கும் 1-க்கும் நடுவே நான்கு கோடு போடுவார்கள், ஐந்து பாகம் வந்துவிடும். அல்லது 0-வையே முதல் கோடாக எண்ணி, 1/4-ஐ 0-வில் வைப்பார்கள். தாவச் சொல்வதுதான் மருந்து. 0-வில் நின்று, ஒரு தாவலுக்கு ஒரு பாகம். "நின்ற இடத்தை எண்ணாதே, தாண்டுனதை எண்ணு." மூன்று தாவல் தாவினால் 3/4. ஐந்து தாவினால்? 1-ஐத் தாண்டி 150 செ.மீ.யில் போய் நிற்பார்கள். "நாலுல அஞ்சு எப்படி டீச்சர் எடுக்க முடியும்?" என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். கால் தாவல் ஐந்து தடவை, அவ்வளவுதான். நிற்கும் இடம் எது என்று கேட்டால் "ஒன்றேகால்" என்று அவர்களே சொல்வார்கள். கடையில் கேட்டுப் பழகிய அளவு அது. தகா பின்னம், கலப்பு பின்னம் என்ற பெயர்களை அதற்குப் பிறகு எழுதினால் பயம் வராது.

இரண்டாம் பாடவேளையில் கூட்டல். 3/8 + 2/8. மூன்று 1/8 துண்டும் இரண்டு 1/8 துண்டும் சேர்ந்து 15 செ.மீ., அது 5/8. யாராவது 5/16 என்று எழுதியிருப்பார்கள். தவறு என்று சொல்லாமல் ஒன்று கேளுங்கள்: "5/16 பாதிக்கு மேலயா, கீழயா?" கீழேதான், 16-இல் பாதி 8. சரி, அது எத்தனை செ.மீ.? 1/16 என்பது 1/8-இல் பாதி, அதாவது ஒன்றரை செ.மீ., ஐந்து சேர்ந்தால் ஏழரை. ஆனால் 3/8 மட்டுமே 9 செ.மீ. இருக்கிறதே? அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் எப்படிக் குறையும்? 1/2 + 1/3-க்கும் இதே கேள்விதான். 2/5 பாதிக்கும் கீழே. பாதியோடு ஏதோ சேர்த்தால் பாதிக்கும் கீழே போகுமா? துண்டுகளை வைத்தால் 12-ம் 8-ம் 20 செ.மீ. அதை எந்த ஒரே வகைத் துண்டால் மூடலாம் என்று தேடச் சொல்லுங்கள். ஐந்து 1/6 துண்டுகள் மூடும், பத்து 1/12 துண்டுகளும் மூடும். வேற்றினப் பின்னத்தை, அதாவது பகுதி வேறுவேறாக உள்ள பின்னங்களை, கூட்டும் விதிக்குள் இந்த வாரம் போக வேண்டாம். ஒரே வகைத் துண்டாக மாற்றினால்தான் எண்ண முடியும் என்று கண்ணால் பார்த்தது போதும்.

இந்த 2/5 எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு நாமும் ஒரு காரணம். நோட்டைத் திருத்தி 8/10 என்று எழுதுகிறோம். வளரறி மதிப்பீட்டில், அதாவது பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டில், (அ)-வுக்கு 20, (ஆ)-வுக்கு 20 என்று போட்டு, 15/20-ம் 16/20-ம் சேர்ந்து 31/40 என்று மதிப்பெண் பட்டியலில் கூட்டுகிறோம். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மேலேயும் கூட்டினார்கள், கீழேயும் கூட்டினார்கள், அதில் தவறும் இல்லை. மதிப்பெண்ணில் முழுசு ஒன்றாக இல்லை. முதல் 20 வேறு தேர்வு, இரண்டாவது 20 வேறு தேர்வு, இரண்டையும் சேர்க்கும்போது முழுசும் 40 ஆகிறது. பட்டையில் முழுசு மாறுவதே இல்லை, எப்போதும் அந்த 24 செ.மீ.தான். இந்த வேறுபாட்டை மறைக்காமல் கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பேசினால், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். மதிப்பெண்ணை "20-க்கு 15" என்று வாசிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படியே எழுதிவிடுவதும் நல்லது.

வெள்ளிக்கிழமை அளவை. கால் கிலோ எத்தனை சேர்ந்தால் ஒரு கிலோ என்றால் நான்கு என்று உடனே சொல்லும் பிள்ளை, 1/4 எத்தனை சேர்ந்தால் 1 என்று கேட்டால் விழிக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுப் பழக்கினால் போதும், விளக்கம் தேவைப்படாது. கவனிக்க வேண்டிய இடம் மணி. கால் மணி நேரம் எத்தனை நிமிடம் என்றால் 25 என்றும், அரை மணி நேரம் 50 நிமிடம் என்றும் விடை வரும். காசும் மதிப்பெண்ணும் நூறிலேயே பழகியதால் பாதி என்றாலே ஐம்பது. "எதில்?" என்று கேட்டு, மணிக்கு 60 என்ற முழுசை அவர்களே எடுத்துவைக்க விடுங்கள்.

தண்ணீர் பாட்டில் ஒன்றை நான்காகப் பிரித்துக் குறிப்பது நல்ல செயல்பாடு, ஆனால் ஒரு எச்சரிக்கை. பாட்டிலின் உயரத்தை ஸ்கேலால் அளந்து நான்காகப் பிரிக்கக் கூடாது. அடிப்பகுதியில் குழிவும் மேலே கழுத்தும் இருப்பதால் உயரத்தில் கால் என்பது தண்ணீரில் கால் ஆகாது. ஒரு சின்ன டம்ளரை எடுத்து, நான்கு முறை ஊற்றி, ஒவ்வொரு முறையும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். அந்த நான்கு டம்ளர்தான் முழுசு. தண்ணீர் கழுத்துவரை வந்தால் கடைசிக் கோடு மற்றவற்றைவிட விலகி நிற்கும். கோடுகள் சம தூரத்தில் இல்லையே, இவை சம பாகமா என்று கேளுங்கள். திங்கட்கிழமை முதல் கேள்வியில் சறுக்கியவர்களுக்கு இது நல்ல மறுவாய்ப்பு. யார் வீட்டிலாவது பழைய படி, உழக்கு, ஆழாக்கு இருந்தால் கொண்டுவரச் சொல்லலாம். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, நான்கு உழக்கு. ஆழாக்கு 1/8, உழக்கு 1/4, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. அரிசியைத் தலை வழித்து அளந்தால்தான் கணக்கு ஒத்துவரும், குவித்து அளந்தால் ஏழிலேயே படி நிரம்பிவிடும்.

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் ஈராசிரியர் பள்ளிகள் நம்மிடம் நிறைய. அங்கே இதை இரண்டாகப் பிரிக்கத் தேவையில்லை. 2, 4, 8 மடிப்பு எல்லோருக்கும் பொது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதிலேயே நின்று ஒப்பிடட்டும், ஐந்தாம் வகுப்பு 3, 6, 12-க்குப் போகட்டும். தரைக்கோட்டில் தாவுவதற்கு வகுப்பு வித்தியாசமே கிடையாது.

வெள்ளியின் கடைசி 25 நிமிடத்தில் ஏழு கேள்விகள். முதல் நான்கும் திங்கட்கிழமைக் கேள்விகளே, எண்களை மட்டும் மாற்றி. மற்ற மூன்று: 5/6, 7/8 எது பெரியது, ஏன்? 3/4-க்குச் சமமான இரண்டு பின்னங்கள் எழுது. 4/6 + 1/6 எவ்வளவு, அது ஒன்றைவிடப் பெரிதா சிறிதா? துண்டுகளை எடுத்துவைத்துக்கொள்ள விடுங்கள். துண்டு இல்லாமல் செய்ய வேண்டிய காலம் இன்னும் வரவில்லை.

தாள்களை மதிப்பெண்படி அடுக்காதீர்கள். பிழையின் வகைப்படி மூன்று அடுக்காகப் போடுங்கள். விடையும் காரணமும் சரியாக எழுதியவர்கள் ஒரு அடுக்கு. அவர்கள் பாடநூல் பயிற்சிக்குப் போகலாம். விடை சரி, காரணம் இல்லை என்பவர்கள் இரண்டாம் அடுக்கு. அவர்களை முதல் அடுக்குப் பிள்ளைகளோடு ஜோடியாக உட்காரவைத்து, தினம் ஒரு ஒப்பிடல் கணக்கைப் பேசித் தீர்க்கச் சொன்னால் போதும். மூன்றாவது, சமமில்லாத பாகத்தை இன்னும் 1/3 என்பவர்களும் 1/2-ஐ இன்னும் 1 இருக்கும் இடத்தில் குறிப்பவர்களும். இவர்களுக்குப் பாடநூல் பயிற்சியைக் கொடுத்துப் பயனில்லை. அடுத்த திங்கட்கிழமை இவர்களை மட்டும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காரவைத்து, புதுத் தாளைக் கொடுத்து மறுபடி மடிக்கச் சொல்லுங்கள், இந்த முறை இரண்டு 24 செ.மீ. பட்டைகளை ஒட்டிச் செய்த 48 செ.மீ. பட்டையில். முழுசு மாறியதும் கால் துண்டும் மாறுவதை போன வாரத்து 6 செ.மீ. துண்டோடு வைத்துப் பார்க்கட்டும். பெரும்பாலானவர்கள் அங்கே தெளிந்துவிடுவார்கள். அப்போதும் தெளியாத ஒன்றிரண்டு பேருக்கு வகுத்தலிலேயே, அதாவது சமமாகப் பங்கிடுவதிலேயே, பிடிப்பு இல்லாமலிருக்கும். புளியங்கொட்டை 12-ஐ மூன்று பேருக்குப் பங்கிடச் சொல்லிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தொடங்க வேண்டும்.